எண்டோஸ்கோபி ரிப்போர்ட் 'நார்மல்'... ஆனாலும் சோறு இறங்கலையா? உணவுக்குழாயை அளந்து பார்க்கும் புதிய பரிசோதனைகள்!

'நெஞ்சை அடைக்குது', 'சோறு இறங்கல', 'எதுக்களிக்குது', 'பொரை ஏறுது'. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் சாப்பாட்டு நேரத்துப் புகார்கள் இந்த நான்கு வார்த்தைகளுக்குள் அடங்கிவிடும். நான்குக்கும் வீட்டில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "கேஸா இருக்கும், ஒரு சோடா குடி."

பல நேரம் அதோடு சரியாகியும் விடும். சரியாகாதவர்கள் டாக்டரிடம் போகிறார்கள், எண்டோஸ்கோபி எடுக்கிறார்கள். புண் இல்லை, கட்டி இல்லை, ரிப்போர்ட் நார்மல். ஆனால், மறுநாளும் இட்லி நெஞ்சுக்குள் நிற்கிறது. அப்புறம்தான் "உனக்கு மனசுதான் காரணம்" என்ற பேச்சு ஆரம்பிக்கும். புதிதாகக் கல்யாணமான பெண் என்றால், "எங்க வீட்டு சாப்பாடு பிடிக்கலையா?" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

எண்டோஸ்கோபி பொய் சொல்லவில்லை. அது ஒரு கேமரா. குழாயின் உள்சுவர் எப்படி இருக்கிறது என்று காட்டும். அந்தக் குழாய் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் பரிசோதனைகள் தனியாக இருக்கின்றன. அவை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

சோறு தானாக விழுவதில்லை

நாம் விழுங்கும் கவளம் கிணற்றில் போட்ட கல் மாதிரி வயிற்றுக்குள் விழுவதாகத்தான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கி அதைத் தள்ளிக்கொண்டு போகின்றன. தலைகீழாக நின்றாலும் விழுங்க முடிவது இதனால்தான். அலை கீழே போய்ச் சேர 10 விநாடி அளவுக்கு ஆகும். அந்த நேரத்தில் குழாயின் அடியில் இருக்கும் வால்வு போன்ற தசை தளர்ந்து வழிவிட்டு, உணவு போனதும் மறுபடி இறுகிக்கொள்ள வேண்டும்.

'அகலேசியா கார்டியா' என்ற நோயில் இந்த இரண்டுமே கெடுகின்றன. குழாயின் சுவரில் இருக்கும் நரம்பு செல்கள் அழிந்துபோவதால் ஒழுங்கான அலை வராது, வால்வும் திறக்காது. சாப்பிட்டதெல்லாம் குழாயிலேயே தேங்கும். இரவு படுத்தால் செரிக்காத சோறு அப்படியே தொண்டைக்கு ஏறி வரும், தலையணை நனையும், இருமல் வரும், எடை குறையும். இருமலும் எடை குறைவும் சேர்ந்தால் நம் ஊரில் முதலில் சந்தேகப்படுவது காசநோயைத்தான். சளிப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே என்று மாதங்கள் ஓடிவிடும். சிலருக்கு வருடங்களே ஓடுகின்றன.

அரிய நோய்தான். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்குப் புதிதாக வருகிறது என்பது உலக அளவிலான பொதுக் கணக்கு. சுமார் 20 லட்சம் பேர் வாழும் விழுப்புரம் மாவட்டத்துக்கு அந்தக் கணக்கைப் பொருத்தினால், வருடத்துக்கு 20 பேர். மொத்தத்தில் சின்ன எண்ணிக்கை. ஆனால் அந்த 20 பேரும் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சோற்றை இறக்குபவர்கள். எழுந்து நின்று தோளைக் குலுக்கி உணவைத் தள்ளுபவர்கள். பந்தியில் எல்லோரும் எழுந்த பிறகும் இலையில் பாதி மிச்சம் இருக்கிறதே என்று கூச்சப்பட்டு, கல்யாணங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுபவர்கள்.

இந்த நோயை 1674-லேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதி வைத்திருக்கிறார். அவர் தன் நோயாளிக்குச் செய்துகொடுத்த கருவி, திமிங்கல எலும்புக் குச்சியின் நுனியில் கட்டிய ஒரு பஞ்சு. ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் அந்த மனிதர் அதைத் தொண்டைக்குள் விட்டு உணவை வயிற்றுக்குள் தள்ளிக்கொண்டார். அப்படியே பல ஆண்டுகள் உயிரோடும் இருந்தார்!

மூக்கு வழியே ஒரு டியூப்... 36 சென்சார்கள்

இன்று இந்த நோயை உறுதிப்படுத்தும் முக்கியமான பரிசோதனை 'ஹை ரெசல்யூஷன் மேனோமெட்ரி'. பெயர்தான் பெரிது. வேலை, குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை அளப்பது.

பழைய மேனோமெட்ரியில் சுமார் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒரு சில அளவிடும் புள்ளிகள்தான் இருந்தன. நடுவில் என்ன நடக்கிறது என்பது ஊகம். 1990-களில் அமெரிக்க மருத்துவர் ரே க்ளவுஸ் அந்தப் புள்ளிகளை நெருக்கமாக வைத்து, வரும் அளவுகளை வண்ணப் படமாக மாற்றும் முறையைக் கொண்டுவந்தார். இப்போது பரவலாகப் பயன்படும் டியூப்பில், ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்று என 36 சென்சார்கள். அழுத்தம் குறைந்த இடம் நீலம், கூடின இடம் சிவப்பு. நீங்கள் ஒரு வாய் தண்ணீர் விழுங்கினால், அந்த அலை சாய்ந்த பட்டையாகத் திரையில் இறங்குவதைப் பார்க்கலாம். அகலேசியா இருப்பவர்களுக்கு அந்தச் சீரான பட்டை வராது. அடியில் வால்வு இருக்கும் இடம் மட்டும் விடாமல் இறுகியே நிற்கும்.

வலிக்குமா? வலி என்பதைவிட அசௌகரியம் என்று சொல்லலாம். மூக்கில் மரத்துப்போகும் ஜெல் தடவி, சுமார் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள டியூப்பைச் செலுத்துவார்கள். அது தொண்டையைத் தாண்டும்போது குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். மருந்து தசையின் வேலையையே மாற்றிவிடும், தவிர விழுங்க வேண்டியதும் நீங்கள்தான். படுத்த நிலையில் 5 மில்லி தண்ணீரை 10 முறை விழுங்கச் சொல்வார்கள். பிறகு உட்கார்ந்து சில முறை. மொத்தமே அரை மணி நேரம் அளவுக்குத்தான்.

கிடைத்த படத்தை 'சிகாகோ வகைப்பாடு' என்ற சர்வதேச விதிகளின்படி பிரித்துப் பார்ப்பார்கள். அதன் நான்காவது பதிப்பு 2021-ல் வெளியானது. அகலேசியாவிலேயே மூன்று வகைகள் உண்டு. இரண்டாம் வகை சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும். மூன்றாம் வகையில் குழாய் கண்டபடி இறுகுவதால், தசையை நீளமாக வெட்டிவிட வேண்டியிருக்கும். எந்தச் சிகிச்சை என்பதையே இந்தப் படம்தான் பெருமளவு முடிவு செய்கிறது.

சிகிச்சைகள் என்னென்ன? பலூன் விட்டு வால்வை விரிக்கலாம். 1913-ல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹெல்லர் தொடங்கிவைத்த தசை வெட்டும் அறுவை சிகிச்சையை இப்போது லேப்ராஸ்கோபியில் செய்கிறார்கள். மூன்றாவது 'போயம்'. வாய் வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு, குழாயின் சுவருக்குள்ளேயே சுரங்கம் போல வழி ஏற்படுத்தி, உள்ளிருந்தபடி தசையை வெட்டுவது. ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008-ல் முதன்முதலில் மனிதர்களுக்குச் செய்தார். இந்தியாவிலும் இது நடக்கிறது. வெளியே தழும்பே இருக்காது. ஆனால், நெஞ்செரிச்சல் பின்னால் வர வாய்ப்பு அதிகம். எந்தச் சிகிச்சையும் இழந்த அலையை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. வழியைத்தான் திறந்துவிடும்.

குடித்துக் காட்டும் எக்ஸ்ரே

மேனோமெட்ரி கருவி எல்லா ஊரிலும் இருக்காது. அதற்கு முன்பே தடயம் கொடுக்கக்கூடிய பழைய, எளிய பரிசோதனை ஒன்று உண்டு. பேரியம் கரைசலைக் குடித்துவிட்டு நின்றபடி 1, 2, 5-வது நிமிடங்களில் எக்ஸ்ரே எடுப்பது. ஐந்தாவது நிமிடத்திலும் பேரியம் குழாயில் நிறைந்து, அடிப்பகுதி பறவையின் அலகு போலக் கூர்மையாகத் தெரிந்தால் அகலேசியா சந்தேகம் வலுக்கும். பெரிய செலவில்லாத இந்தப் படத்தை முதலிலேயே எடுத்திருந்தால், எத்தனையோ பேருடைய அலைச்சல் குறைந்திருக்கும்.

இன்னொரு முனையில் இருப்பது 'ஃப்ளிப்'. எண்டோஸ்கோபி மயக்கத்தில் இருக்கும்போதே, சென்சார்கள் பதித்த நீளமான பலூனை உள்ளே வைத்து உப்புநீரால் நிரப்பி, வால்வு எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று அளப்பார்கள். மூக்கில் டியூப்பைத் தாங்க முடியாதவர்களுக்கும், மேனோமெட்ரி முடிவு தெளிவாக இல்லாதவர்களுக்கும் உதவும். விலை உயர்ந்த கருவி. பெரிய மையங்களில் கேட்டுப் பார்க்கலாம்.

'எதுக்களிக்குது' என்பவர்களுக்கு வேறு பரிசோதனை. மூக்கு வழியே மெல்லிய டியூப்புடன் 24 மணி நேரம் வீட்டிலேயே இருந்து, அமிலம் எத்தனை முறை மேலே வருகிறது என்று பதிவு செய்வது. டியூப் இல்லாத வகையில், சின்ன கேப்ஸ்யூல் ஒன்றை எண்டோஸ்கோபியின்போது குழாய்ச் சுவரில் பொருத்துவார்கள். 4 நாள்கள் வரை தகவல் அனுப்பிவிட்டு, அதுவாகவே கழன்று மலத்தில் போய்விடும். பொருத்திய 30 நாள்களுக்கு எம்.ஆர்.ஐ மட்டும் எடுக்கக் கூடாது.

பொரை ஏறினால்?

'யாரோ நினைக்கிறாங்க' என்று சிரித்துவிட்டுப் போவோம். ஆனால், பக்கவாதம் வந்தவருக்கு ஒவ்வொரு வாய்க்கும் பொரை ஏறினால் சிரிக்கும் விஷயமில்லை. உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வரலாம். இந்தச் சிக்கல் உணவுக்குழாயில் அல்ல, தொண்டையில். மூக்கு வழியே சின்ன கேமராவை விட்டு விழுங்குவதைப் பார்க்கலாம். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து ஓடும் எக்ஸ்ரேயில் பதிவு செய்யலாம். இதை மதிப்பிட்டு, விழுங்கும் பயிற்சி தருபவர் பேச்சுப் பயிற்சி நிபுணர்.

எங்கே போவது?

வரிசை முக்கியம். ஆரம்பத்தில் கெட்டியான உணவு மட்டும் அடைத்து, வாரக்கணக்கில் மோசமாகி, பிறகு கஞ்சியும் இறங்கவில்லை என்றால் அடைப்போ புற்றுநோயோ இருக்கலாம். முக்கியமாக, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் எண்டோஸ்கோபி எடுக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே சோறு, தண்ணீர் இரண்டும் அடைத்தால் தசையின் வேலையில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அவர்களும் முதலில் எண்டோஸ்கோபிதான் எடுக்க வேண்டும். அது நார்மல் என்று வந்தால், "மேனோமெட்ரி தேவைப்படுமா டாக்டர்?" என்று கேட்கலாம்.

விழுப்புரம்காரர்களுக்கு அருகில் இருப்பது 2010-ல் தொடங்கிய முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து மேல் சிகிச்சைக்கு அனுப்பினால், இரண்டு ஊருக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் புதுச்சேரி ஜிப்மர். குடல் மருத்துவத்துக்கும் குடல் அறுவை சிகிச்சைக்கும் அங்கே தனித்தனித் துறைகள் உண்டு. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போகிறவர்கள் புதுச்சேரி பஸ் ஸ்டாண்ட் வரை போக வேண்டாம், அதற்கு முன்பே கோரிமேட்டில் இறங்கிக்கொள்ளலாம். வேலூர் சி.எம்.சி-க்குப் போக நினைப்பவர்களுக்கு விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாக ரயில் பாதை இருக்கிறது. எங்கே போனாலும், இந்தப் பரிசோதனைகள் எந்தக் கிழமையில் நடக்கின்றன என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புவது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

மேனோமெட்ரிக்கு முன் குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். உணவு தேங்கும் பிரச்னை உள்ளவர்களை முந்தின நாள் நீராகாரம் மட்டும் எடுக்கச் சொல்வதுண்டு. முதல் பஸ்ஸைப் பிடித்த அவசரத்தில் வழியில் டீ குடித்துவிட்டால் அன்றைய பரிசோதனை தள்ளிப்போகும். சில பி.பி மாத்திரைகள், நெஞ்சுவலி மாத்திரைகள், கடுமையான வலிநிவாரணிகள் உணவுக்குழாய்த் தசையின் வேகத்தையே மாற்றக்கூடியவை. அதனால் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், அன்று காலை டோஸை என்ன செய்வது என்று தேதி வாங்கும்போதே கேட்டு, ஓ.பி சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.