அமானிதமா, கடனா?

சென்ற நோன்புக்கு முன்னர் மருமகன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் குந்தினார். "மாமா, காசு ஏறித்தான் இரிக்கி. ஆனா எடுக்க ஏலாம இரிக்கி" என்றார். இணையத்தில் இயங்கும் கிரிப்டோ பரிமாற்ற நிலையமொன்றில் மூன்று வருடச் சேமிப்பைப் போட்டிருந்தார். திரையில் தொகை தெரிகிறது. எடுக்கப்போனால் பதிலே இல்லை. "வழக்குப் போட ஏலாதா?" என்று கேட்டார்.

கிரிப்டோ கூடுமா, கூடாதா என்பதை உலமாக்கள் பேசட்டும். அவருடைய கேள்வி வேறு. அதற்காகத் தேடிப் படித்தபோது, பெரிய நீதிமன்றங்களே தடுமாறிய விடயம் நமக்குப் பழகிய ஒன்றுதான் என்று விளங்கியது. கொடுத்து வைத்தது அமானிதமா, கடனா?

தையற்காரரிடம் துணி கொடுக்கிறோம். அவர் நொடித்துப்போனாலும் துணி நம்முடையது, கேட்டு எடுக்கலாம். அதே ஆளுக்குக் கைமாற்றாகக் காசு கொடுத்திருந்தால், கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையில்தான் நிற்கவேண்டும்.

டோக்கியோவில் இயங்கிய மவுண்ட் கொக்ஸ், ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய பிட்கொயின் பரிமாற்ற நிலையம். 2014 பெப்ரவரியில் அது மூடப்பட்டபோது சுமார் 850,000 பிட்கொயின்கள் காணாமற்போனதாகச் சொல்லப்பட்டது. அவற்றில் 200,000 அளவில் பின்னர் அகப்பட்டன. தன்னுடையதைத் திருப்பித் தரும்படி வாடிக்கையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2015 ஆகஸ்டில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் மறுத்தது. ஜப்பானியக் குடியியல் சட்டத்தில் 'பொருள்' என்றால் உருவமுள்ளது. பிட்கொயினுக்கு உருவமில்லை, ஆகவே அதன்மேல் உடைமையுரிமையும் இல்லை என்றது. துணி கொடுத்தவர் கைமாற்றுக் கொடுத்தவராகிப்போனார்.

அதோடு, வங்குரோத்துச் சட்டப்படி கோரிக்கைகள் 2014ஆம் ஆண்டு விலையிலேயே நின்றுவிட்டன. பிட்கொயின் விலை பன்மடங்கு ஏறிய பின், 2018இல் வழக்கு வேறு நடைமுறைக்கு மாற்றப்பட்டதால்தான் பிட்கொயினாகவே பெற வழி பிறந்தது. அந்தக் கொடுப்பனவு தொடங்கியது 2024 ஜூலையில். பத்து வருடக் காத்திருப்பு! இதற்கிடையில், 2017 ஏப்ரலிலிருந்து பரிமாற்ற நிலையங்கள் பதிவு செய்யவேண்டும், வாடிக்கையாளர் சொத்தைத் தனியாக வைக்கவேண்டும் என்று ஜப்பான் சட்டம் கொண்டுவந்தது.

நியூசிலாந்தில் நடந்தது நேர்மாறு. கிறைஸ்ட்சேர்ச் நகரின் கிரிப்டோபியா நிறுவனம் 2019 ஜனவரியில் இணையத் திருட்டுக்குள்ளாகி, மே மாதம் கலைப்புக்குப் போனது. கிரிப்டோ ஒரு சொத்துத்தான். நிறுவனம் அதை வாடிக்கையாளருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்தது என்று 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது அமானிதம். மற்றக் கடன் கொடுத்தோர் அதில் கைவைக்க முடியாது.

நமது நாட்டில்? இத்தகைய நிலையம் நடத்த எவருக்கும் அனுமதி வழங்கவில்லை என்று மத்திய வங்கி 2021இல் அறிவித்தது. கடனட்டை, பற்றட்டை மூலம் மெய்நிகர் நாணயத்துக்குக் காசு கட்டவும் அனுமதியில்லை என்றது. அனுமதி பெற்ற நிலையமே இல்லாதபோது, அதன்மேல் முறைப்பாடு கேட்கும் கண்காணிப்பாளர் எங்கிருந்து வருவார்?

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "சரி, அந்த நிலையம் எந்த நாட்டில பதிஞ்சது?" என்று கேட்டேன். மருமகன் நிபந்தனைகளை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார். முகவரி இல்லை, நாடு இல்லை, பொறுப்பாளரின் பெயரும் இல்லை.

"அப்ப யாருக்கிட்ட குடுத்தன் எண்டே தெரியா மாமா" என்றார்.

அமானிதமா, கடனா என்று நீதிமன்றத்தில் வாதாடுவதற்கும் எதிரே ஓர் ஆள் நிற்கவேண்டும். டோக்கியோக்காரர்களுக்கு அதாவது இருந்தது. காசு போடுமுன் கேட்கவேண்டியவை மூன்று: எந்த நாட்டில் பதிவு, யார் பொறுப்பு, என்னுடையதைத் தனியாக வைக்கிறார்களா?