பூட்டு எந்தப் பக்கம் திரும்பும்?

எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர் தோட்டமொன்றில் எங்கள் லயத்துக் காம்பராவுக்கு ஓர் ஆமைப்பூட்டு இருந்தது. மழைக்காலம் வந்தால் அது சொந்தச் சாவிக்கே மசியாது. அம்மா தேங்காய் எண்ணெய் விடுவார். இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் எண்ணெயில் புழுதி ஒட்டி முன்னிலும் மோசமாகும். பென்சில் கரியைச் சுரண்டித் துளைக்குள் ஊதியிருந்தால் போதும் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டித்தான் எனக்குப் பூட்டுப் பைத்தியம் பிடித்தது.

ஆமைப்பூட்டு என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். எங்கள் சிங்கள அயலவர்களும் அதை ஆமையின் பெயராலேயே சொல்வார்கள். யாழ்ப்பாணத்துச் சிநேகிதர்கள் சாவியைத் ‘திறப்பு’ என்பார்கள். அதுவும் நல்ல சொல்தான். ஆனால் சாவி இல்லாமலும் திறப்பு நடக்கும்.

எப்படி? ஆமையின் ஓட்டுக்குள் போய்ப் பார்ப்போம். இன்று கடைகளில் கிடைக்கும் பித்தளைப் பூட்டுகளில் பெரும்பாலானவை, அமெரிக்கரான லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற வகையின் வழிவந்தவை. மூலக் கருத்து அதைவிட மிகப் பழையது. பண்டைய எகிப்தின் மரப் பூட்டிலேயே உண்டு. வெளியே ஒரு கூடு, உள்ளே ஓர் உருளை. சாவித்துளை உருளையில் இருக்கிறது. கூட்டிலிருந்து உருளைக்குள் வரிசையாகச் சில குழிகள். மலிவான பூட்டில் மூன்று நான்கு, நல்ல கதவுப் பூட்டில் ஐந்தாறு. ஒவ்வொரு குழியிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குட்டி ஊசிகள், அவற்றை அழுத்திக்கொண்டு ஒரு சுருள்வில். மேல் ஊசி பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்பதால் உருளை அசையாது. சரியான சாவியின் மேடுபள்ளம் ஒவ்வொரு சோடியையும் அளவாகத் தூக்க, இரு ஊசிகளும் பிரியும் இடம் உருளையின் விளிம்புக்கு நேராக வந்துவிடும். எல்லாச் சோடிகளும் அப்படி வந்ததும் உருளை சுழலும்.

குழிகளை மயிரிழை பிசகாமல் ஒரே கோட்டில் துளைக்க எந்த இயந்திரத்தாலும் முடியாது. சாவியில்லாத திறப்பு முழுதும் இந்தப் பிசகில்தான் நிற்கிறது. உருளையை மெல்ல முறுக்கிப் பிடித்தால் எல்லா ஊசிகளும் ஒன்றாகச் சிக்குவதில்லை. ஏதோ ஒன்றுதான் முதலில் சிக்கும். அதைத் தேடித் தூக்கினால் ‘டிக்’ என்று மேல் ஊசி கூட்டுக்குள் ஏறி அங்கேயே தங்கும். உருளை துளியளவு நகரும். அப்போது அடுத்த ஊசி சிக்கும்.

ஆக, இரண்டு கம்பிகள் போதும். ஒன்று நுனி வளைந்த கொக்கி, ஊசிகளைத் தூக்க. மற்றது ‘ட’ எழுத்துப்போல மடங்கிய முறுக்குக் கம்பி, உருளையைப் பிடித்திருக்க. பழைய வைப்பர் றப்பருக்குள் இருக்கும் மெல்லிய எஃகுத் தகடு இவற்றுக்கு ஏற்றது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும் இரத்தினபுரிப் பக்கத்தில், கராஜ்களில் தேய்ந்த வைப்பருக்கா பஞ்சம்!

புதிதாகத் தொடங்குபவரின் கண் கொக்கியிலேயே இருக்கும். வேலை செய்வதோ முறுக்குக் கம்பி. அதை எந்தப் பக்கம் முறுக்குவது, எவ்வளவு முறுக்குவது என்ற இரண்டும் தெரிந்தால் பாதிப் பூட்டு திறந்தாயிற்று. இதை எனக்கு விளங்க வைத்தது அம்மாவின் பால்வெட்டு. றப்பர் பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால்தான் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது. மாற்றி வெட்டினால் அறுபடும் குழாய்கள் குறையும், பாலும் குறையும். கத்தி கொஞ்சம் ஆழப் போனாலோ மரம் காயப்பட்டுப் புடைத்துவிடும். முறுக்குக் கம்பியும் அப்படித்தான். விரல் நுனி பாரம் போதும். இறுக்கிப் பிடித்தால் எல்லா ஊசிகளும் சேர்ந்து இறுகி, எது சிக்கியது என்பதே கைக்குத் தெரியாமல் போகும்.

ஆமைப்பூட்டுகளில் பல, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமே திறக்கும். மலிவானவை சில இரு பக்கமும் திறக்கும். கதவுப் பூட்டில் நாக்கு சட்டத்தை விட்டு உள்ளே இழுபட வேண்டும். அதனால் இடக்கீல் கதவிலிருந்த பூட்டை வலக்கீல் கதவுக்கு மாற்றினால் திரும்பும் பக்கமும் மாறிவிடும். சந்தேகம் வந்தால் இரு பக்கமும் லேசாக முறுக்கிப் பாருங்கள். தவறான பக்கத்தில் கல்லில் மோதியதுபோல் நிற்கும்; உடலோடு சேர்ந்த தடை அது. சரியான பக்கத்தில் கொஞ்சம் இடங்கொடுத்து மெத்தென்று நிற்கும்; அங்கே தடுப்பவை ஊசிகள். எல்லாப் பூட்டிலும் இந்த வித்தியாசம் தெரியாது. தவறான பக்கம் பாடுபட்டால் ஊசிகளெல்லாம் அமர்ந்து உருளையும் சுழலக்கூடும், பூட்டு மட்டும் திறக்காது. இது எனக்கு நேர்ந்தபோது முக்கால் மணிநேரம் வீண்.

இன்னொன்று: ஒரு பக்கம் முறுக்கும்போது முதலில் சிக்கும் ஊசி, மறுபக்கம் முறுக்கினால் கடைசியில் சிக்கலாம். இரு பக்கமும் திறக்கும் பூட்டு, கைக்கு இரண்டு பூட்டு.

நம் முன்னோர் புறப்பட்டு வந்த தமிழ்நாட்டில், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு வேறு சாதி. அதற்குள் ஊசிகள் இல்லை, லீவர் தகடுகள்தான். லீவர் பூட்டிலும் திசைக்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் ஜெரமையா சப் 1818இல் செய்த பூட்டில், யாராவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் பூட்டு இறுகி, உரியவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பின்னர் வந்தவற்றில் உரிய சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினால் இறுக்கம் விடும். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியின்போது ஹொப்ஸ் என்ற அமெரிக்கர் அத்தகைய பூட்டொன்றை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார்.

சாவியில்லாத திறப்பைப் பொழுதுபோக்காகச் செய்பவர்களுக்கென்று ஜேர்மனியில் 1997இலிருந்து சங்கமே உண்டு. இந்தப் பொழுதுபோக்கில் எங்கும் சொல்லும் சட்டம் இரண்டு: சொந்தப் பூட்டையே திற, பயன்பாட்டிலுள்ள பூட்டில் கை வைக்காதே. இரவில் இந்தக் கம்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பாதையில் நடந்து, பொலிஸ்காரருக்கு விளக்கம் சொல்லும் நிலையை வரவழைக்காதீர்கள்.

பழகுவதற்கென்று மலிவான பூட்டொன்றை வாங்குங்கள். முதலில் சாவியைப் போட்டு அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள், பிறகு கம்பியை எடுங்கள். வீட்டுக் கதவுப் பூட்டில் மட்டும் ஆரம்பிக்க வேண்டாம். கொக்கி நுனி உள்ளே ஒடிந்தால் சாவியும் நுழையாது, மழையில் வெளியே நிற்கப்போவது நீங்கள்தான்.