பழைய படுக்கை விரிப்பில் ஒரு வைத்தியர்

நாங்கள் டென்மார்க்குக்கு வந்த முதல் வருடம். ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் 'ரோலஸ்பில்' விளையாட வகுப்புத் தோழர்கள் கூப்பிடுகிறார்கள் என்று என் இளைய மகன் வந்து நின்றான். பழங்கால உடுப்பு வேண்டுமாம். கடையில் விலை பார்த்தேன், எங்களுக்குக் கட்டுப்படியாகாது. "காய்ச்சல் என்று சொல்லிவிடு" என்றேன். அடுத்த நாள் வகுப்பில் எல்லோரும் அந்த விளையாட்டைப் பற்றியே கதைக்க, அவன் மட்டும் பேசாமல் இருந்தானாம். அந்தப் பிழையை நீங்களும் விடவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரோலஸ்பில் என்பது எங்கள் நாட்டுக்கூத்துப் போல வேடம் கட்டி ஆடுவதுதான். ஆனால் மேடை இல்லை, எழுதிய வசனம் இல்லை, பார்வையாளரும் இல்லை. இங்கே இதற்கு நல்ல மதிப்புண்டு. ஹோப்ரோ நகரில் 2006 இல் தொடங்கிய ஒரு விடுதிப் பாடசாலையில் பாடங்களையே இந்த முறையில்தான் படிப்பிக்கிறார்கள்.

போருக்குள் இருந்து வந்த எங்களுக்குப் பிள்ளையின் கையில் வாள் என்றால் நெஞ்சு பதறும். அந்த வாள் மெத்தைப் பஞ்சு சுற்றியது. தலையில் அடிப்பதும் கூடாது. வாளே வேண்டாம் என்றால் வைத்தியர், வியாபாரி, பாட்டுக்காரர் என்று வேறு வேடங்களும் உண்டு. பிள்ளையிடமே கேளுங்கள்.

இனி உடுப்பு.

மேலங்கி: பழைய பருத்திப் படுக்கை விரிப்பை இரண்டாக மடியுங்கள். மடிப்பு தோள்பக்கம் வரட்டும். அதன்மேல் பிள்ளையின் குளிர் யக்கெற்றை விரித்து, சுற்றிவர நாலு விரல் கூட்டிக் கோடு போட்டு வெட்டுங்கள். காட்டில் குளிரும், யக்கெற்றுக்கு மேலே போட இடம் வேண்டும். நீளம் முழங்கால் மட்டும். கழுத்தைச் சிறிதாக வெட்டிப் பார்த்துப் பிறகு பெருப்பிக்கலாம். பக்கங்களைத் தைக்கும்போது கீழே ஒரு சாண் விட்டுவிடுங்கள், அப்போதுதான் ஓடலாம்.

நிறம்: வெள்ளைத் துணியைக் கடும் சாயத் தேநீரில் ஊறப்போட்டால் மண்ணிறமாகும். பருத்தியில்தான் பிடிக்கும்; பொலியெஸ்ரரில் பிடிக்காது.

இடுப்புப் பட்டி: அப்பாவின் பழைய தோல் பட்டி போதும். இதை மறக்கவேண்டாம். பட்டி இல்லாவிட்டால் மேலங்கி இரவுச் சட்டை போலிருக்கும்.

போர்வை: பழைய கம்பளி அல்லது தடித்த யன்னல் சீலை. நிலத்தில் இழுபட்டால் வேரில் தடக்கும், கெண்டைக்காலோடு நிறுத்துங்கள். கழுத்தில் இறுக்கி முடியாமல் ஒரு பொத்தான் வையுங்கள். எங்காவது கொழுவினால் கழன்றுவிடும்.

கால்: எழுத்தில்லாத கறுப்புக் காற்சட்டையும் மழைச் சப்பாத்தும் போதும். மிஞ்சிய துணியைக் கீற்றாக வெட்டிச் சப்பாத்தின் மேல் சுற்றிக் கட்டினால் றப்பர் தெரியாது.

வீட்டில் துணி இல்லையென்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய உடுப்புக் கடைகளில் விரிப்புகளும் யன்னல் சீலைகளும் மலிவாகக் கிடைக்கும். வாள் மட்டும் நீங்களாகச் செய்யவேண்டாம். உள்ளே வைக்கும் தடி பிழைத்தால் காயம் வரும். நடத்துபவர்களிடம் இரவல் கேளுங்கள்.

அடுத்த முறை என் மகன் வைத்தியராகப் போனான். அம்மம்மாவின் பழைய சேலைத் துண்டில் தைத்த பையில் காய்ந்த இலைகள் வைத்திருந்தான். பொழுதுபடச் சேறும் சிரிப்புமாக வந்தான். பின்னால் இரண்டு தோழர்கள். எங்கள் வீட்டு வாசற்படியை அவர்கள் மிதித்தது அன்றுதான் முதற்தடவை.