"நாம என்ன கலர், ஆயா?"

போன கோடை விடுமுறைக்கு என் மகளும் எட்டு வயதுப் பேத்தியும் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் எங்கள் ஊர் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். வீரராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே 15 படுக்கைகளோடு ஆஸ்பத்திரி நடந்ததைச் சொல்லும் கல்வெட்டை என் அண்ணன் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார்.

குழந்தையோ கல்வெட்டைப் பார்க்கவில்லை. என் கையோடு தன் கையைச் சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"ஆயா, நாம ஒயிட்டா, பிளாக்கா? ஸ்கூல்ல ஒரு பொண்ணு கேட்டா."

"சீச்சீ! நாம எதுக்குக் கறுப்பராகணும்? நாம மாநிறம்டி கண்ணு" என்றேன் சட்டென்று.

"பிளாக்னா சீச்சீயா? என் பெஸ்ட் ஃபிரெண்ட் பிளாக்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார், "எல்லாம் சரி, பொண்ணு நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று சொல்லிவிட்டுப் போனது நாற்பது வருஷமாகியும் மனசில் முள்ளாக இருக்கிறது. அதே முள்ளை நானே அந்தப் பிஞ்சு மனசில் தைத்துவிட்டேனே!

ராத்திரி திண்ணையில் அண்ணனிடம் புலம்பினேன். அவர் சிரித்துக்கொண்டே, "வெள்ளை, கறுப்புன்னு மனுஷனுக்குப் பேர் வச்ச கதை உனக்குத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

நம் சென்னையிலேயே நடந்தது

1639-ல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்கள். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ஆரம்பத்தில் கிறிஸ்தவர் பட்டணம் என்றுதான் பேர். பிற்பாடுதான் அது 'ஒயிட் டவுன்' ஆயிற்று. வடக்கே நம்மவர்கள் இருந்த இடம் 'பிளாக் டவுன்' ஆயிற்று. போர்ச்சுக்கீசியரும் ஆர்மீனிய வியாபாரிகளும் ஒயிட் டவுனில்தான் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்ட சென்னை 1749-ல் திரும்பக் கிடைத்ததும், அவர்களை நம்பமுடியாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் தோல் ஒரே நாளில் கறுத்தா போயிற்று? ஆட்சிக்கு வேண்டியவரா, வேண்டாதவரா என்பதுதான் கணக்கு. பிளாக் டவுனுக்குப் பிற்பாடு ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாறியது. ஆர்மேனியன் தெரு இன்றும் அங்கே இருக்கிறது.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி லின்னேயஸ் 1735-ல் மனிதரை நாலு நிறமாகப் பிரித்தார். ஐரோப்பியர் வெள்ளை, அமெரிக்கப் பழங்குடிகள் சிவப்பு, ஆப்பிரிக்கர் கறுப்பு, ஆசியர் பழுப்பு. 1758-ல் வந்த பதிப்பில் ஆசியரை வெளிறிய மஞ்சளாக்கிவிட்டார். மாறியது புத்தகம்தான், மனிதரில்லை!

அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்த பஞ்சாபி, பகத் சிங் திண்ட். 1923-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை இல்லை என்றது. 1970 கணக்கெடுப்பில் இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-ல் ஆசிய இந்தியர் என்று தனி இடம் வந்தது.

"அப்போ பிளாக்னு சொல்றது தப்பாண்ணா?" என்று கேட்டேன்.

"சொல்ற வாயைப் பொறுத்ததும்மா. 1960-களில் அந்த மக்களே 'நீக்ரோ'ங்கற பழைய பேரைத் தள்ளிட்டு, 'பிளாக்'னு பெருமையா எடுத்துக்கிட்டாங்க. தப்பு உன் 'சீச்சீ'யிலதான் இருக்கு" என்றார்.

நம் பேச்சு எப்படி?

சங்க காலப் பெண்ணுக்கு அழகு, மாந்தளிர் போன்ற மாமை நிறம். பிரிவால் வாடி மேனி வெளிறினால் அது பசலை, அதாவது நோய்! மால், மாயோன் என்று நாம் கும்பிடும் பெருமாள் பேருக்கே கருமை என்றுதான் பொருள். அப்படிப்பட்ட நம் வீடுகளில் இன்று, "புள்ளை சிவப்பா பொறந்திருக்கு" என்றால் சர்க்கரை. "கறுப்பு" என்றால் குரல் இறங்கிவிடுகிறது.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தோலின் நிறத்துக்குக் காரணம் மெலனின் என்ற நிறமி. வெயிலின் கெடுதலிலிருந்து அது நம்மைக் காக்கிறது. எவ்வளவு மெலனின் என்பது பெரும்பாலும் தாய் தந்தை வழி வருவது. கர்ப்பத்தில் குங்குமப்பூ சாப்பிட்டால் பிள்ளை சிவக்காது. கடலைமாவு போட்டுப் பச்சைக் குழந்தையின் தோலைத் தேய்க்காதீர்கள். பாதரசம் கலந்த சிவப்பழகு களிம்புகள் சிறுநீரகத்தையே கெடுக்கும். ஸ்டீராய்டு களிம்பை டாக்டர் சொல்லாமல் தடவினால் தோல் மெலிந்து புண்ணாகும். 'கறுப்பி', 'கரிக்கட்டை' என்று செல்லமாகக்கூடக் கூப்பிட வேண்டாம். நமக்கு அது செல்லம், குழந்தைக்கு அது அடையாளமாக ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் காலையில் பேத்தியை ஆற்று மணலுக்கு அழைத்துப் போனேன்.

"கண்ணு, ஆயா நேத்து சொன்னது தப்பு. பிளாக் சீச்சீ இல்லை. உன் ஃபிரெண்டும் நீயும் ஒண்ணுதான். அந்தப் பொண்ணு திரும்பக் கேட்டா, நாங்க தமிழ், எங்க ஆயா ஊரு திருமுக்கூடல்னு சொல்லு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவளுக்குத் திருமுக்கூடல்னு சொல்ல வராது ஆயா. நான் சொல்லித் தரேன்" என்றாள்.