குதிரையேறி வந்த மருத்துவிச்சி

அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலே, அப்பலாச்சிய மலைகளுக்கிடையே லெஸ்லி என்னும் சிறு மாவட்டம் உண்டு. 1925ஆம் ஆண்டில் அங்கே நல்ல தெருக்கள் இல்லை. பட்டம் பெற்ற வைத்தியரும் இல்லை. பெரும்பாலும் ஓடைப் படுகைகளே பாதைகள். பிரசவ வேதனையுற்ற தாயை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் நடவாத காரியம்.

தம் மக்கள் இருவரையும் சிறுபராயத்திலே பறிகொடுத்த மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார், இங்கிலாந்திலே மருத்துவிச்சித் தொழில் பயின்றவர். ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுத் தாதிச் சேவையையும் நேரிற் கண்டவர். அவ்வாண்டில் அவர் இம்மாவட்டத்திலே ஒரு சேவையைத் தொடங்கினார். தாய் வரட்டும் என்று காத்திராது, தாயிடத்துக்கே தாதியை அனுப்புவது அவர் கண்ட வழி. பள்ளத்தாக்குகள் தோறும் சிறு நிலையங்கள் எழுந்தன. தாதியர் மருந்துகளைச் சேணப்பைகளில் நிரப்பிக் குதிரையேறி, இரவென்றும் மழையென்றும் பாராது ஆறு கடந்து சென்றனர். பிள்ளை பிறக்குமுன்னரும் பலமுறை சென்று பார்த்தனர்.

பிரசவத்திற்குக் கட்டணம் 5 டொலர். காசில்லாதார் விளைபொருளோ உடலுழைப்போ கொடுக்கலாம். இலவசமென்று அறிவியாதது நுட்பமான செயலே. எவரும் தலைகுனிந்து உதவி பெற நேரவில்லை.

1928இல் ஹைடன் என்னும் ஊரில் வைத்தியசாலை திறக்கப்பட்டது. 1939இல் போர் மூண்டு, பிரித்தானியத் தாதியர் பலர் தாயகம் திரும்பவே, மருத்துவிச்சிப் பயிற்சிக் கூடமொன்று அங்கேயே தோன்றிற்று. பின்னாளிற் குதிரைகளின் இடத்தை ஜீப் வண்டிகள் கொண்டன. பயிற்சிக் கூடமோ இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது.