பாரதியார் வீட்டு அடுப்பை அணையாமல் காத்தவர்

மகாகவி பாரதியாரை அறியாத தமிழர் உண்டா? முண்டாசையும் முறுக்கு மீசையையும் பார்த்தால், சின்னக் குழந்தைகூட "பாரதியார்" என்று சொல்லிவிடும். ஆனால் அந்தக் கவிஞரின் வீட்டில் அடுப்பு எரியப் பாடுபட்ட அம்மையாரை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் செல்லம்மாள்.

ஏழு வயதில் கல்யாணம்

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் கடையம். செல்லம்மாள் 1890-ம் ஆண்டு அங்கே பிறந்தார். 1897-ம் ஆண்டு அவருக்குக் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வயது 7. மாப்பிள்ளைக்கு வயது 14! அந்தக் காலத்து வழக்கம் அது. பிற்காலத்தில் அவர்களுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தனர். மூத்தவர் தங்கம்மாள், இளையவர் சகுந்தலா.

1908-ம் ஆண்டில் சோதனை வந்தது. பாரதியார் எழுதிவந்த "இந்தியா" பத்திரிகைமீது வெள்ளைக்கார அரசாங்கம் பாய்ந்தது. பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். பிறகு செல்லம்மாளும் குழந்தைகளுடன் அங்கே போய்ச் சேர்ந்தார்.

குருவிக்குப் போன அரிசி

புதுச்சேரியில் பாரதியார் பத்து ஆண்டுகள் இருந்தார். வீட்டைச் சுற்றி ஒற்றர்கள். கையில் காசு கிடையாது. நண்பர்களோ வந்துகொண்டே இருப்பார்கள். வந்தவர்களுக்கு இலை போட வேண்டியவர் யார்? செல்லம்மாள்தான்.

ஒருநாள் சமைப்பதற்கு அரிசி எடுத்து வைத்துவிட்டு, அவர் வேறு வேலையாக உள்ளே போனார். திரும்பி வந்து பார்த்தால் அரிசியைக் காணோம்! பாரதியார் அதை முற்றத்தில் இறைத்துவிட்டார். குருவிகள் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. அதைப் பார்த்துக் கவிஞர் ஆனந்தப்பட்டார்.

இந்தக் கதையைக் கேட்டு நாம் சிரிக்கிறோம். ஆனால் அன்றைக்குப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்? குடும்பம் நடத்தும் பெண்களுக்கு அது புரியும்.

நகையா? நிலமா?

1921-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னை திருவல்லிக்கேணியில் பாரதியார் காலமானார். அவருக்கு 39 வயதுகூட நிரம்பவில்லை. செல்லம்மாளுக்கு வயது 31தான். சகுந்தலா இன்னும் சிறுமி.

கணவர் விட்டுச் சென்ற சொத்து என்ன? நகையா? நிலமா? பாட்டுகள்தான்! அவற்றில் பல இன்னும் புத்தகமாக வரவில்லை. ஏழை வீட்டுக் காகிதங்கள் கரையானுக்கு இரையாவதற்கு எத்தனை நாள் ஆகும்?

செல்லம்மாள் அழுதுகொண்டே மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. சகோதரர் அப்பாதுரையின் துணையோடு "பாரதி ஆசிரமம்" என்ற பதிப்பகத்தைத் தொடங்கினார். தமிழ் மக்களிடம் ஆதரவு கேட்டார். 1922-ம் ஆண்டிலேயே "சுதேச கீதங்கள்" புத்தகமாக வெளிவந்தது! அதுவரை சமையற்கட்டையே பார்த்துவந்த ஒரு விதவைப் பெண், அந்தக் காலத்தில் செய்த காரியம் இது. பின்னர் பாரதியாரின் தம்பி விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயம் அந்தப் பணியைத் தொடர்ந்தது. 1949-ம் ஆண்டில் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பிறகு அவை நாட்டு மக்களின் பொதுச் சொத்தாயின.

பாட்டியின் குரல்

1951-ம் ஆண்டு திருச்சி வானொலியில் செல்லம்மாள் பேசினார். பேச்சின் தலைப்பு "என் கணவர்". அப்போது அவர் பேரன் பேத்தி எடுத்த பாட்டி. கணவரின் பெருமையைச் சொன்னார். கவிஞருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் கஷ்டத்தையும் ஒளிக்காமல் சொன்னார்.

1955-ம் ஆண்டு செல்லம்மாள் காலமானார். மகள்கள் இருவரும் தந்தையைப் பற்றிப் புத்தகம் எழுதினர். தங்கம்மாளின் மகள் விஜயா பாரதி, தாத்தாவின் கவிதைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றார். பாட்டி காப்பாற்றிக் கொடுத்த பாட்டுகளைப் பேத்தி ஆராய்ந்தார்!

இன்று பள்ளிக்கூடத்தில் உங்கள் குழந்தை பாரதியார் பாட்டைப் பாடுகிறது. அதைக் கேட்கும்போது, அரிசிக்கும் பாட்டுக்கும் சேர்த்துக் காவல் இருந்த அந்த அம்மையாரையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.