இடுப்புவலியோடு காய்ச்சலா? ஆடு மாடு வளர்ப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்

தல்லாகுளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்து மக்கள் முதுகெலும்பில் பெரிய கோளாறு என்றால் வந்து சேரும் இடம் அது. இடுப்புவலி, சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி உடுப்பு நனைகிற அளவு வேர்வை, உடல் மெலிவு. இவற்றைக் கேட்டால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது எலும்பு டிபிதான். உலகிலேயே டிபி நோயாளிகள் அதிகமுள்ள நாட்டில் அப்படி நினைப்பது நியாயமே. ஆனால் இதே அடையாளங்களோடு ஆடு மாடுகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் இன்னொரு நோயும் உண்டு. அதுதான் புரூசெல்லோசிஸ். மாட்டுக்கு வந்தால் இதைக் கன்று வீச்சு நோய் என்பார்கள்.

சினை மாடு மாதம் நிறையாமல் கன்று வீசும்போது வெளிவரும் நஞ்சுக்கொடியிலும் நீரிலும் இந்தக் கிருமி ஏராளமாக இருக்கும். அதை வெறுங்கையால் இழுத்துப் போடுகிறோம். கையில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். கன்று போட்ட மாட்டின் கொடியை வைக்கோலில் சுற்றி, பால் பெருகட்டும் என்று ஆலமரத்தில் கட்டுகிற வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. நோயுள்ள மாட்டின் கொடி என்றால் அதைத் தொடுகிறவருக்கும் ஆபத்து, கீழே விழுந்ததைத் தின்னும் நாய்க்கும் ஆபத்து. காய்ச்சாத பால் இன்னொரு வழி. உடம்புக்கு நல்லது என்று குழந்தைக்குப் பச்சை ஆட்டுப்பால் புகட்டுவதை உடனே விட்டுவிட வேண்டும்.

ஆட்டுப்பாலின் பங்கு வெளிப்பட்டது மால்டா தீவில். பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் டேவிட் புரூஸ் 1887-ல் கிருமியை அறிவித்தார். அது ஆடுகளிடமிருந்து வருவதைத் தெமிஸ்டோகிளிஸ் ஸம்மித் 1905-ல்தான் கண்டறிந்தார். மறு ஆண்டு சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தியதும் அவர்களிடையே நோய் சட்டென்று குறைந்தது.

ரத்தத்தில் கலந்த கிருமிக்கு எலும்பும் மூட்டும் பிடித்த இடங்கள். இளவயதினருக்கு இடுப்பெலும்பு மூட்டு வீங்கும். நடுவயதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் கீழ்முதுகு. முள்ளெலும்பின் முன்பக்க மேல் விளிம்பில் அரிப்பு தொடங்கி, பக்கத்து டிஸ்க்குக்குப் பரவும். டிபி பெரும்பாலும் நடுமுதுகைத் தாக்கி எலும்பை நொறுக்கிக் கூன் விழ வைக்கும். புரூசெல்லோசிஸில் எலும்பு அரிக்கிற இடத்திலேயே புது எலும்பும் வளர்வதால் உயரம் அவ்வளவாகக் குறையாது. எக்ஸ்ரேயில் அது வயசுத் தேய்மானம் போலவே தெரியலாம். எம்ஆர்ஐ எடுத்தால்தான் ஆரம்பத்திலேயே பிடிபடும். தண்டுவடத்தைச் சுற்றிச் சீழ் கட்டினால் கால் மரத்துப்போகும், வலுவிழக்கும், சிறுநீர் அடைக்கும். அப்படி ஆனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயாக வேண்டும்.

டிபி என்று தவறாக முடிவு செய்து மருந்து தொடங்கினால் குழப்பம் கூடும். டிபி மாத்திரைகளில் உள்ள ரிஃபாம்பிசின் புரூசெல்லோசிஸ் கிருமியையும் ஓரளவு அடக்கும். நோயாளி தேறுவது போலத் தெரியும், பிறகு வலி திரும்பும். அதனால் சந்தேகம் வந்ததுமே எதிர்ப்பொருளைக் காட்டும் ரத்தப் பரிசோதனையைக் கேட்பது நல்லது. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க நாள் பிடிக்கும். ஆய்வகத்தில் வேலை செய்பவருக்கே தொற்றக்கூடிய கிருமி என்பதால் சந்தேகத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நோய் குணமாகக்கூடியதுதான். டாக்ஸிசைக்ளினோடு ரிஃபாம்பிசினோ ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோ சேர்த்துத் தருவார்கள். சாதாரணமாக 6 வாரம், முதுகெலும்பில் இறங்கியிருந்தால் குறைந்தது 12 வாரம். பலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. வலி சீக்கிரமே குறைந்துவிடும், அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். நோய் திரும்பி வருவதற்கு அது முக்கியமான காரணம்.

2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் 4 முதல் 8 மாதப் பெண் கன்றுகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடுகிறார்கள். ஒரு முறை போட்டால் போதும். ஆடுகளுக்கு அந்தத் திட்டத்தில் இந்த ஊசி இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் திருமங்கலம் சந்தையில் ஆடுகள் கைமாறுகிற வட்டாரத்துக்கு இது பெரிய குறை, அரசு இதைச் சரிசெய்ய வேண்டும். அதுவரை பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். கன்று வீசினால் கையுறை மாட்டிக்கொண்டு கொடியைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். முதுகுவலியோடு காய்ச்சலும் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் வீட்டில் ஆடு மாடு இருப்பதை நீங்களே சொல்லுங்கள்.